ஜிம்முக்குப் பணம் கட்டின மருமவனுக்கு மாமன் சொல்றது

வா மருமவனே, உக்காரு. உக்காருறது ஒனக்கு நல்லா வருமே, அதுல நான் ஒரு கொறை சொல்ல மாட்டேன். ஒங்கம்மா நேத்து போன்ல சொன்னா, நீ ஜிம்முல சேந்துட்டேன்னு, ஒரு வருசத்துக்கு மொத்தமாப் பணம் கட்டிட்டேன்னு. கேட்டதும் எனக்குச் சந்தோசம் தாங்கல. பணம் வாங்கினவனுக்கு அதைவிடச் சந்தோசமா இருந்திருக்கும். வருசச் சந்தா கட்டின அத்தனை பேரும் ஒரே நாள் சாயங்காலம் வந்து நின்னா அந்தக் கடையில கால் வைக்க எடம் இருக்காது. நீ வராம இருக்கிறதுலதான் அவன் பொழப்பு ஓடுது. நீ அவன் வயித்துல அடிக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும்.

ஷூ வாங்கியாச்சு. வேர்வையை உறிஞ்சுற பனியன் வாங்கியாச்சு. கையில கடிகாரம் வேற, நெஞ்சு எத்தனை தடவை துடிக்குதுன்னு காட்டுமாம். குலுக்கிக் குடிக்கிற குப்பியும் வந்தாச்சு. இனி ஒடம்பை அசைக்கிறது ஒண்ணுதான் பாக்கி. அதுக்கு நல்ல நாள் பாக்கணும்னா சொல்லு, பஞ்சாங்கம் உள்ளதான் கெடக்கு.

சரி, கேலி போதும். எம் பேத்தி பிசியோதெரபி படிச்சு முடிச்சிருக்காள்ல, லீவுக்கு வரும்போதெல்லாம் எனக்கு ஏதாவது வாசிச்சுக் காட்டுவா. இப்ப ஒனக்குச் சொல்லப்போறதுல பாதியை அவ சொன்னான்னு சொல்வேன், மீதியை நானே கண்டுபிடிச்சதாச் சொல்வேன். நீ கண்டுக்காதே.

ஒடம்பை அசைக்கிறதுல நாலு தினுசு இருக்குங்கிறா. மூச்சு வாங்க வைக்கிறது ஒண்ணு: நடை, ஓட்டம், சைக்கிள், நீச்சல். சதைக்கு வேலை வைக்கிறது இன்னொண்ணு: நம்ம தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை, ஒன் ஜிம்முல அடுக்கி வச்சிருக்கிற இரும்பு. வளைஞ்சு நிமிர்றது மூணாவது. விழாம நிக்கிறது நாலாவது. நாலாவதைக் கேட்டதும் சிரிக்கே பாரு. சிரி, சிரி. ஒனக்கு நாப்பத்திரெண்டுதானே ஆகுது.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல ஒரு கணக்குச் சொல்லிருக்கு. பெரியவங்க வாரத்துக்கு 150-லேந்து 300 நிமிசம் மிதமா அசையணும், இல்ல 75-லேந்து 150 நிமிசம் கடுமையா அசையணும். அதோட வாரத்துல ரெண்டு நாளாவது சதைக்கு வேலை. 150 நிமிசம்னதும் மொகம் சுருங்குது ஒனக்கு. அது ஒரு தமிழ்ப்படம் ஓடுற நேரம். அதையும் ஏழு நாளாப் பிரிச்சுக்கலாம்.

மிதம்னா எவ்வளவுன்னு கேப்பே. அதுக்குக் கடிகாரம் வேண்டாம். நடந்துக்கிட்டே பக்கத்துல வர்றவன்கிட்ட ஊர்வம்பு பேச முடியணும், ஆனா பாட்டுப் பாட முடியக் கூடாது. அதுதான் மிதம். ரெண்டு வார்த்தை பேசினதும் மூச்சு இழுத்துச்சுன்னா அது கடுமை. பேசவும் பாடவும் முடியுது, நடுவுல நின்னு போனும் நோண்ட முடியுதுன்னா அதுக்குப் பேரு காத்து வாங்குறது. ஒங்க ஊர்ப் பூங்காவுல பாதிப் பேர் அதைத்தான் செய்யுறாங்க.

இதெல்லாம் ஒருத்தன் எப்படிக் கண்டுபிடிச்சான் தெரியுமா? லண்டன்ல ஜெர்ரி மோரிஸ்னு ஒரு டாக்டர். அங்க மாடி பஸ் ஓடும்ல, அதுல டிரைவர் உக்காந்தே இருப்பான், கண்டக்டர் நாள் பூரா மாடிப்படி ஏறி எறங்குவான், ஒரு நாளைக்கு 500, 750 படி. ரெண்டு பேரும் ஒரே கம்பெனி, ஏறக்குறைய ஒரே மாதிரிக் குடும்பம், ஒரே மாதிரிச் சாப்பாடு. ஆனா மாரடைப்பு மட்டும் டிரைவர்களுக்குத்தான் அதிகம் வந்திருக்கு. 1953-ல லான்செட்ங்கிற மருத்துவப் பத்திரிகையில எழுதினாரு. தபால்காரங்களையும் கணக்கெடுத்தாரு: வீடு வீடா நடந்தும் சைக்கிள்லயும் தபால் கொடுத்தவங்களுக்குக் கொறைவு, நாற்காலியில உக்காந்து எழுதின குமாஸ்தாக்களுக்கு அதிகம்.

ஒன்ன மாதிரி ஒரு வக்கீல் புத்திக்காரன் கேப்பான்: ஏற்கெனவே பருத்தவன்தான் டிரைவர் சீட்டைத் தேடிப் போயிருப்பான், அதனால வந்த வித்தியாசம் அதுன்னு. மோரிஸும் லேசுப்பட்டவர் இல்ல. பஸ் கம்பெனி சீருடை தைச்சுக் கொடுத்த கணக்கை வாங்கிப் பார்த்தாரு. வாலிப வயசுலயே டிரைவர் கால்சட்டை இடுப்பு அளவு கண்டக்டருதைவிடப் பெருசு! நீ சொன்னதுலயும் விசயம் இருக்குன்னு அவரே 1956-ல எழுதிட்டாரு. அதுக்குப் பெறகு எத்தனையோ தேசத்துல எத்தனையோ பேர், பருமன், புகை, வயசு எல்லாத்தையும் கழிச்சுப் பார்த்தும், அசையுறவனுக்கு நெஞ்சு நோவு கொறையுதுங்கிறது நிலைச்சு நின்னுருச்சு. இவ்வளவும் சொன்ன மனுசன் 1910-ல பொறந்து 2009-ல செத்தாரு, 99 வயசு. நம்மூர் டவுன் பஸ்ஸுல கூட்டத்தைப் பொளந்துக்கிட்டு டிக்கெட் போடுறாரே அந்தக் கண்டக்டரை இனிமே திட்டாதே. அவரு ஒனக்கு முன்னாடியே ஜிம்முல சேந்தவரு, சம்பளமும் வாங்குறாரு.

ஒங் கடிகாரம் பத்தாயிரம் அடி நடக்கச் சொல்லுதாமே. அது எந்த வைத்தியரும் பார்த்துச் சொன்ன எண் இல்ல. ஜப்பான்ல 1965-ல அடி எண்ணுற கருவி ஒண்ணை வித்தான், அதுக்கு வச்ச பேரே பத்தாயிரம் அடி மீட்டர். விளம்பரத்துக்கு வச்ச பேர் அது, அறுவது வருசமா ஒலகமே அதைக் கடமையா நடந்துக்கிட்டு இருக்கு. 2019-ல அமெரிக்காவுல சராசரி எழுவத்திரெண்டு வயசுப் பொம்பளைங்களை எடுத்து எண்ணிப் பார்த்தாங்க. 4,400 அடி நடந்தவங்களுக்கே நல்ல பலன் தெரிஞ்சிருக்கு, 7,500-க்கு மேல போனவங்களுக்குப் பெருசாக் கூடல. நீ வாலிபன், கூடவே நட, வேண்டாங்கல. ஆனா ராத்திரி பதினொரு மணிக்குக் கடிகாரம் 9,200 காட்டுதுன்னு கட்டிலைச் சுத்திச் சுத்தி நடந்து வீட்டுக்காரி தூக்கத்தைக் கெடுக்காதே.

நடந்து முடிச்சதும் என்ன செய்வே? வடை தின்பே. தின்னு. பூங்கா வாசல்ல ஒரு பக்கம் அருகம்புல் சாறு, ஒரு பக்கம் உளுந்த வடை, நீ ரெண்டுக்கும் மரியாதை பண்ணணும்ல. அரை மணி வேகமா நடந்தா ஒன் எடைக்கு நூத்தி இருவது, நூத்தி அம்பது கலோரி எரியும். எண்ணெய் குடிச்ச ரெண்டு வடை அதைக் கொசுறோட திருப்பிக் கொடுத்துரும். அப்ப நடந்தது வீணான்னா, இல்ல. அதுதான் வேடிக்கை. எடை ஒரு கிலோகூடக் கொறையாட்டியும் ரத்தக் கொதிப்பு கொறையும், சக்கரை எறங்கும், தூக்கம் வரும், மனசுல கெடக்குற பாரம் லேசாகும். தின்னு முடிச்சதும் பத்துப் பதினஞ்சு நிமிசம் நடந்தாலே, ரத்தத்துல ஏறுற சக்கரையை நடக்கிற சதை இழுத்துக்கிடும். ராத்திரிச் சோத்துக்குப் பெறகு தெருமுனை வரைக்கும் போயிட்டு வா. தெருமுனையில பரோட்டாக் கடை இருந்தா எதிர்ப்பக்கம் போ.

எட்டுப் போட்டு நடக்கிறதுன்னு ஒரு கூட்டம் இருக்கு, வடக்க பார்த்து ஆரம்பிக்கணும், தெக்க பார்த்து முடிக்கணும்னு. எட்டுப் போட்டாலும் நேராப் போனாலும் காலுக்கு அது நடைதான். மொட்டை மாடி சின்னதா இருக்கிறவனுக்கு எட்டு தோது. ஆனா பூங்காவுல கூழாங்கல் பதிச்சு, வெறுங்காலோட நடங்கன்னு எழுதி வச்சிருக்கான் பாரு, அதுல சக்கரைக்காரன் கால் வைக்கக் கூடாது. வருசக்கணக்காச் சக்கரை இருந்தா பாதம் மரத்துப் போயிருக்கும், கல்லு குத்தினாத் தெரியாது, புண்ணு சீழ் பிடிச்ச பெறகுதான் தெரியும். விரல் எடுக்க வேண்டியிருக்கும், சில சமயம் காலே போகும். ஊசி போடுறவன், சக்கரை மாத்திரை போடுறவன் நடக்கப் போகும்போது சட்டைப்பையில நாலு மிட்டாய் வச்சுக்கிடணும். சக்கரை ஒரேயடியா எறங்கினா வேர்த்து, கை நடுங்கி, கண்ணு இருட்டும்.

இப்ப இரும்புக்கு வருவோம். இரும்பு தூக்குறதை நான் கேலி பண்ணுவேன்னு எதிர்பார்த்தே, இல்லையா? மாட்டேன். முப்பதைத் தாண்டினதும் சும்மா இருக்கிறவன் சதை பத்து வருசத்துக்கு நூத்துக்கு மூணிலேந்து எட்டுப் பங்கு வரைக்கும் கரைஞ்சுக்கிட்டே போகுது. தின்ன சக்கரையை வாங்கி வைக்கிற பெரிய களஞ்சியமே அந்தச் சதைதான். களஞ்சியம் சுருங்கினா சக்கரை ரத்தத்துலயே சுத்தும். நடை மட்டும் இதுக்குப் பத்தாது. நீச்சலும் சைக்கிளும் மூட்டுக்கு எதமா இருக்கும், மூச்சுக்கும் நல்லது, ஆனா எலும்பு கெட்டிப்பட எலும்பு மேல பாரம் விழணும். தண்ணி ஒன்னைத் தாங்கிக்கிடுது, சீட்டு ஒன்னைத் தாங்கிக்கிடுது, பெறகு எலும்புக்கு என்ன வேலை?

நம்ம பக்கத்துல கோயில் வாசல்ல இளவட்டக்கல்லு கெடக்கும், நீ பார்த்திருப்பே. அதைத் தூக்கித் தோள் வழியாப் பின்னால போட்டவனுக்குத்தான் பொண்ணு கொடுத்தாங்கன்னு பெருமையாச் சொல்வாங்க. தூக்கப் போய் முதுகு பிடிச்சு எண்ணெய்க் கிண்ணத்தோட குப்புறக் கெடந்தவன் கதையை யாரும் சொல்றதில்ல. அவனும் இந்த ஊர்க்காரன்தான். கனமானதைத் தம் கட்டித் தூக்காதே, தூக்கும்போது மூச்சை விடு. தம் கட்டினா ரத்த அழுத்தம் குப்புனு ஏறும். கொதிப்பு இருக்கிறவனுக்கு அது வெளையாட்டில்ல. முதுகை வளைச்சுத் தூக்காதே, காலை மடக்கித் தூக்கு.

அப்புறம் ஒரு சங்கதி. பக்கத்து மிசின்ல இருவத்திரெண்டு வயசுப் பய இருப்பான். அவன் பார்க்கானேன்னு நீ ரெண்டு தட்டுச் சேத்துப் போடுவே. மறுநாள் மாடிப்படி எறங்க முடியாது. அந்த வலி சாதாரணம், ரெண்டு மூணு நாள்ல போயிரும். ஆனா சதை வீங்கி, தாங்க முடியாம வலிச்சு, ஒண்ணுக்குக் கருஞ்சிவப்பாப் போச்சுன்னா வெந்நீர் ஒத்தடம் குடுத்துக்கிட்டு உக்காந்திராதே. சதை நஞ்சு போய் அதோட கழிவு சிறுநீரகத்தை அடைக்குது. அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். அதே மாதிரி, மூணு மாசத்துல நெஞ்சு விரியணுமா அண்ணேன்னு ஒருத்தன் காதுல வந்து ஊசி விலை சொல்வான். அது ஸ்டீராய்டு. நெஞ்சு விரியும், விதை சுருங்கும். ஈரலும் இருதயமும் கெடும். ஆம்பளைக்கு மார் வளரும். ஆம்பளைன்னு காட்டத்தானே போனே?

ஒம் பொஞ்சாதிக்குச் சந்தா கட்டலையான்னு கேட்டதுக்கு, 'அவ வீட்டு வேலை செய்யுறாளே மாமா, அதுவே பெரிய உடற்பயிற்சி'ன்னே. எவ்வளவு அக்கறை! அம்மி போச்சு, ஆட்டுரல் போச்சு, கெணத்துல தண்ணி எறைச்சது போச்சு. இப்ப அவ செய்யுறது பொழுது பூரா நிக்கிறதும் குனியுறதும். அலுப்புத்தான் மிச்சம், சதை ஏறாது. மாதவிலக்கு நின்ன பெறகு பொம்பளைக்கு எலும்பு மளமளன்னு கரையும். ஒன்னவிட அவளுக்குத்தான் அந்த இரும்பு அவசரம். நீ சாயங்காலம் சப்பாத்திக்கு மாவு பெசை, அவ ஒரு மணி நேரம் போயிட்டு வரட்டும். மாவு பெசையுறது கைக்கும் நல்லதுதானே.

ஆசனத்தைப் பத்தி நான் அதிகம் சொல்ல மாட்டேன். சூன் 21-ந்தேதி ஊரே பாய் விரிச்சுப் படம் எடுத்து முடிச்சு, பாயைச் சுருட்டி வச்சா அடுத்த சூன்லதான் எடுக்கும். ஒழுங்காச் செஞ்சா முதுகு எளகும், மூச்சு அடங்கும், மனசும் நிக்கும். ஆனா தலைகீழா நிக்கிறதை டிவி பார்த்துப் படிக்காதே. கண்ணுல நீரழுத்தம், ரத்தக் கொதிப்பு, கழுத்தெலும்புத் தேய்மானம், இதுல எது இருந்தாலும் தலை மேல நிக்க வேண்டாம். கடவுள் கால் கொடுத்திருக்கான்.

நீ சிரிச்சியே, அந்த நாலாவதுக்கு இப்ப வருவோம். நாளைக்குக் காலையில எதையும் பிடிக்காம நின்னுக்கிட்டே பேண்டு மாட்டிப் பாரு. ஒத்தைக் கால்ல ரெண்டு தத்துத் தத்தி செவுத்தைப் பிடிச்சேன்னா, அடுத்த தடவை சிரிக்காதே. வயசானவன் குளியலறையில வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிஞ்சா, அதோட நடமாட்டம் நின்னுபோன வீடு இந்தத் தெருவுலயே இருக்கு. பல்லு வெளக்கும்போது ஒத்தைக் கால்ல நில்லு, பக்கத்துல செவுரு இருக்கட்டும். 65 தாண்டினவங்க வாரத்துல மூணு நாளாவது இந்த மாதிரிப் பயிற்சி செய்யணுமாம். ஒங்கம்மாவுக்கும் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாதே, செய்ய மாட்டா.

ஓட்டம். நீ அடுத்த மாசம் மாரத்தான் ஓடப்போறேங்கிறே. பனியன் கொடுக்காங்களாம், மெடலும் உண்டாம். அமெரிக்காவுல ஜிம் ஃபிக்ஸ்னு ஒருத்தர் இருந்தாரு. முப்பத்தஞ்சு வயசு வரைக்கும் பருத்த ஒடம்பு, ஒரு நாளைக்கு ரெண்டு பாக்கெட் சிகரெட்டு. பெறகு ஓட ஆரம்பிச்சு எடையைக் கொறைச்சு, சிகரெட்டையும் விட்டாரு. 1977-ல ஓட்டத்தைப் பத்தி அவர் எழுதின புத்தகம் லட்சக்கணக்குல வித்துச்சு, ஊர் ஊரா ஜனங்க ஓட ஆரம்பிச்சாங்க. 1984-ல, 52 வயசுல, ஓடப்போன எடத்துலயே மாரடைப்புல செத்துப்போனாரு. அறுத்துப் பார்த்தா இருதயக் குழாயெல்லாம் அடைப்பு. அவங்கப்பாவும் 43 வயசுல இருதய நோவுலதான் போனாரு. ஓட்டம்தான் கொன்னுச்சுன்னு சொல்ற சோம்பேறிக பேச்சை நம்பாதே. அந்தக் குடும்ப ரத்தத்துக்கு ஓட்டம் அவருக்கு வருசம் கூட்டியும் கொடுத்திருக்கலாம். ஓடினா மட்டும் அடைப்பு கரைஞ்சிராதுங்கிறதைத்தான் நீ எடுத்துக்கிடணும். ஒங்கப்பாவுக்கு எந்த வயசுல நெஞ்சுவலி வந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?

1993-ல இன்னொரு கணக்குப் போட்டாங்க, மாரடைப்பு வந்த ஆயிரத்துச் சொச்சம் பேரைக் கேட்டு. கடுமையா மூச்சு முட்ட உழைச்சா, அந்த ஒரு மணி நேரத்துக்குள்ள மாரடைப்பு வர்ற வாய்ப்பு, சும்மா இருக்கிற நேரத்தைவிட எத்தனை மடங்குன்னு. வாரத்துல அஞ்சு நாளாவது பழக்கம் உள்ளவனுக்கு ரெண்டரை மடங்குக்குள்ள. பழக்கமே இல்லாதவனுக்கு நூறு மடங்குக்கு மேல! பயப்படாதே, ஒரு மணி நேரத்துக்கான வாய்ப்பே ரொம்பச் சின்னது, அதை நூறால பெருக்கினாலும் சின்னதுதான். ஆனா அந்தச் சின்னதுல விழுறவன் யாருன்னு பாரு. ஆறு நாள் நாற்காலி, ஏழாவது நாள் வீரம். பொங்கலுக்கு ஊருக்கு வந்து இருவது வருசம் கழிச்சுக் கபடிக் கோட்டைத் தொடுறானே, அவன். ஆபீஸ் பசங்களோட ஞாயித்துக்கிழமை சட்டில் ஆடப்போய்க் குதிகாலுக்கு மேல பொட்டுனு சத்தம் கேட்டு, யாரோ பின்னால ஒதைச்சுட்டான்னு திரும்பிப் பார்க்கானே, அவன். யாரும் ஒதைக்கல, தசைநாண் அறுந்திருக்கு.

காளைக்கன்னை ஏர் பழக்குறவன் முதல் நாளே முழு வயலை உழ விடுவானா? ஒன்ன மட்டும் ஏன் விடுறே? இந்த மாசம் வேகமா நட. அடுத்த மாசம் நடைக்கு நடுவுல ஒரு நிமிசம் ஓடு. மாரத்தான் எங்கயும் போயிராது, அடுத்த வருசமும் பனியன் கொடுப்பான். ஓடி முடிச்சதும் டக்குனு நிக்காதே, ரத்தம் காலுல தேங்கித் தலை சுத்தும். அஞ்சு நிமிசம் நடந்து ஆறு. தாகம் இருக்கோ இல்லையோ, ஒவ்வொரு பந்தல்லயும் தண்ணியை வாங்கி ஊத்திக்கிடவும் செய்யாதே. ரத்தத்துல உப்புத் தெளிஞ்சு போய் மயங்கி விழுந்தவங்க உண்டு. முட்டி தேஞ்சிரும்னு எவனாவது சொன்னா அதை நம்பாதே. அளவா ஓடுறவன் முட்டி, உக்காந்தே கெடக்குறவன் முட்டியைவிடக் கெட்டுப் போறதில்ல.

இவ்வளவு ஆபத்துச் சொன்னதும் ஒன் கண்ணுல ஒரு வெளிச்சம் தெரியுது. 'அப்ப பேசாம படுத்துக்கிடலாமே மாமா'ன்னு. ஒனக்காகவே வச்சிருக்கேன் ஒரு கதை. அமெரிக்காவுல டல்லாஸ்ல 1966-ல, இருவது வயசு ஆரோக்கியமான வாலிபப் பசங்க அஞ்சு பேரை மூணு வாரம் கட்டில்லயே படுக்க வச்சு, மூச்சுத் திறன் எவ்வளவு எறங்குதுன்னு அளந்தாங்க. 30 வருசம் கழிச்சு அதே அஞ்சு பேரையும் தேடிப் பிடிச்சு மறுபடி அளந்தாங்க. மயிர் நரைச்சு, தொப்பை விழுந்திருந்தாங்க. அப்படியும், முப்பது வருச மூப்பு தின்ன பலத்தைவிட அந்த மூணு வாரக் கட்டில் தின்ன பலம் அதிகம். அப்ப ஆறு மாசம் படிப்படியாப் பழக்கினதும், அம்பது வயசுலயும் அந்த முப்பது வருச நட்டம் திரும்பி வந்துருச்சு. ஒனக்கு எட்டு வருசம் மிச்சம் இருக்கு, ஆனா அதுக்காக அம்பது வரைக்கும் பொறுத்திருக்காதே.

மே மாசத்துல பதினொண்ணுலேந்து மூணு வரைக்கும் வெயில்ல இறங்காதே. காய்ச்சல் அடிச்சா அன்னைக்கு ஓய்வு. ஜிம்முக்குப் போறதுக்கு முன்னால ஒரு தடவை கொதிப்பும் சக்கரையும் பார்த்துக்க. ஒங்கப்பன் கதையை டாக்டர்கிட்டச் சொல்லு, அவர் சொன்னா இருதயத்தையும் சோதிச்சுக்க.

கடைசியா ஒண்ணு, இதுல கேலி கிடையாது. நடக்கும்போதோ தூக்கும்போதோ நெஞ்சு இறுகுனா, வலி இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ போனா, குளுந்து வேர்த்தா, அப்படியே நிறுத்திரு. வாயுன்னு சொல்லிச் சோடா குடிச்சு ஏப்பத்துக்காகக் காத்திருக்காதே. நீயே வண்டியை எடுத்துக்கிட்டுப் போகவும் கூடாது. அந்த எடத்துலயே உக்காந்து 108-க்குப் போன் போடு, பெறகு எனக்குப் போடு.